தரைக்கு இட்ட மண்

கதை எழுதிப் பழகாத கை இது. துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வயல்களுக்கு நடுவே, புல் மூடிய புதைமேடு ஒன்று உண்டு. புதிய கற்கால மக்கள் தம் இறந்தோரைக் கல்லறையில் கிடத்தி, மேலே மண் குவித்த இடம். அங்கிருந்து ஒரு கூடை மண் எடுப்பதும் குற்றம். அதன் காவலராகிய பெண்மணி, மேட்டில் முயல் வளை தோண்டினால்கூட, அதற்குச் சட்டம் தெரியும் என்பதுபோல் அதட்டுவார்.

காய்ச்சலில் படுத்தபோது, மேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அதன் வேலிக்கதவின் சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். லாரி ஓட்டும் அவனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தாம். அந்த வாரமே, பாதி கட்டி நின்ற அக்காவின் வீட்டுத் தரைக்குத் தன் செலவில் மண் நிரப்பித் தந்தான். காய்ச்சல் மறந்து பூரித்துப் போனார்.

உடல் தேறியதும் முதலில் வீட்டைத்தான் பார்க்கப் போனார். ஈரம் காயாத கரிய மண்ணில், நகத்தால் கோடிட்ட பானை ஓடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதனருகே விரல் எலும்பு. மேட்டைப் பார்க்க வருவோருக்குக் கண்ணாடிப் பெட்டியில் அவர் காட்டும் அதே வகை ஓடு, அதே மண்.

மேட்டுக்கு ஓடினார். வழியிலிருந்து தெரியும் பக்கம் புல் கலையவில்லை. பின்புறத்தை இயந்திரம் வழித்தெடுத்திருந்தது. கல்லறையின் பக்கக்கல் சரிந்து கிடந்தது.

தம்பி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"செத்தவங்களுக்கு எதுக்குக்கா இவ்ளோ மண்ணு? பின்பக்கம் ஈ காக்கா வராதுன்னு நீதானே சொன்ன?"

"அது உன்கிட்ட பேச்சுவாக்குல சொன்னதுடா! மீதி மண்ணு எங்க?"

"வித்தாச்சு."

"தொல்லியல் ஆபீசுக்குச் சொல்லப்போறேன்."

அவன் சிரித்தான். "சொல்லேன். சாவி உன்னுது, மண்ணு உன் வீட்டுல. வேலியே பயிரை மேஞ்சிடுச்சுன்னு உன்னைத்தான் காறித் துப்புவாங்க. முதல் லோடை உன் வீட்டுல ஏன் கொட்டினேன்னு நினைக்கிற? பாசமா?"

அக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. அவன் எதிரிலேயே தொலைபேசியை எடுத்து, அலுவலகத்துக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். சாவியைக் கொடுத்தது தாம்தான் என்பதையும் சொன்னார்.

இழந்தவை: மேட்டின் பின்புறம் முழுவதும். கல்லறையின் ஒரு பக்கம். யார் எங்கே கிடத்தப்பட்டார் என்ற அடையாளம். எலும்பு தேடிச் சல்லடையில் அரிக்க அலுவலகத்தார் அள்ளிப்போன வீட்டுத் தரை. காவல் வேலை. தம்பி.