குழாய் வாயில் கட்டிய துணி

மலாயாவில் சாஆ என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பதினோரு வருஷமாக, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் உத்தியோகம் பார்த்த ஸ்டானிஸ்லாஸ் சொன்ன புத்திமதிகளில் ஒன்றே ஒன்றைத்தான் ஜனங்கள் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். கொய்னா மாத்திரையைக் கொடுத்தால் வாயில் அதக்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் துப்புவார்கள். கொசுவலையைக் கொடுத்தால் மீன் பிடிப்பார்கள். ஆனால் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னால் புதுக் குழாய் போட்ட மாசம், தண்ணீரில் துருவும் புழுவும் வருகிறதென்று முறையிட்டவர்களிடம், "வாயில ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்க" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் கட்டிவிட்டார்கள். டிரசர் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அந்த ஒன்றுதான் தப்பான புத்திமதி என்பது, 1931 ஏப்ரலில் ஒரு பகல் பதினொன்றரை மணிக்கு அவருக்கு உறைத்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது பேர் பேதியில் கிடந்தார்கள். ஒருவரைப் புதைத்தாகிவிட்டது. மூன்று நாளைக்கு முன் டிரசர் சொல்லித்தான், மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டியைத் துரை காலி செய்து, தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்கவைத்தார். அதற்குப் பிறகும் இன்று காலையில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி நாலு வயசுப் புஷ்பவள்ளி. கண் குழி விழுந்துவிட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது. இன்னொரு நாள் இப்படிப் போனால் பிள்ளை தங்காது.

அலுத்துப்போய் ஆஸ்பத்திரிக் குழாயில் கை கழுவி, ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார் ஸ்டானிஸ்லாஸ். பாதியில் நிறுத்திக் கையிலிருந்த தண்ணீரைப் பார்த்தார். இதுவும் அதே தொட்டித் தண்ணீர்தானே? கணக்கெழுதும் கிராணி வீட்டிலும் இதே தண்ணீர்தான். படுத்தவர்கள் எல்லாம் லயத்து ஆட்கள்; எங்களில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லையே!

குழாயைப் பார்த்தார். வெறும் வாய். துணி இல்லை. கட்ட வேண்டும் கட்ட வேண்டும் என்று ஏழு மாசமாக நினைத்துக்கொண்டே இருந்தவர் கட்டவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்!

ரப்பர்ப் பால் ஊற்றிவிட்டு வரும் பெண்கள் பன்னிரண்டுக்கு லயத்துக் குழாயடியில் வாளியோடு நின்றுவிடுவார்கள். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வரிசை ஏற்கெனவே நின்றிருந்தது. குழாய் வாயில் வெள்ளைத் துணி தெரியவில்லை. அதன்மேல் மஞ்சளில் நனைத்த துணி ஒன்று, வேப்பிலையும் குங்குமமுமாக இறுகக் கட்டியிருந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்து புஷ்பவள்ளியின் தாய் ராஜம்மா கட்டியது. பிள்ளையின் பாவாடையை அலசிவிட்டு வந்த ஈரக் கையாலேயே ராஜம்மா அந்தத் துணியை ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கினாள். பின்னால் நின்றவளும் தன் முறை வந்ததும் அப்படியே செய்யப்போகிறாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நழுவாமல் இருக்கவேண்டுமே.

"யாரும் தண்ணி பிடிக்காதீங்க! அந்தத் துணியை அவுக்கணும்!"

பெரிய கங்காணி வீரமுத்து குறுக்கே வந்தார். "என்ன டிரசரே, வெயில் மண்டையில ஏறிருச்சா? ஆத்தாளுக்குக் கட்டுன துணி அது."

"தெரியும் கங்காணி."

"தெரிஞ்சுமா? ஒங்க கோயில் மெழுகுவத்திய நான் வந்து ஊதி அணைச்சா சும்மா இருப்பீங்களா? வேதக்காரரு வேதக்காரரா இருங்க."

ஸ்டானிஸ்லாஸ் கையை நீட்டினார். கங்காணியின் பிரம்பு அவர் மணிக்கட்டின் மேல் வந்து நின்றது. அடிக்கவில்லை, நின்றது. வரிசை வட்டமாகிவிட்டது. வாளிகள் கீழே வைக்கப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

'ஆத்தா என் கனவில் வந்து அவிழ்க்கச் சொன்னாள்' என்று சொல்லிவிடலாமா? கேட்பார்கள். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? அதைவிட, அடுத்த வாரம் இன்னொருவர் கனவில் ஆத்தா வந்து திரும்பக் கட்டச் சொன்னால்?

"துணி கட்டச் சொன்னது ஆத்தா இல்ல," என்றார். "நான். தொட்டியில ஒண்ணும் இல்ல. நோவு இந்தத் துணியில இருக்கு. சீக்காளித் துணி அலசுன கையால இத இறுக்குறீங்க. குடிக்கிற தண்ணி இது வழியாத்தான் வருது."

ராஜம்மா அவரையே பார்த்தாள். "ஒங்க குழாயில துணி இருக்கா, டிரசரையா?"

"இல்ல."

"ஏன்?"

"சோம்பேறித்தனம்மா."

வேறொரு நாளாயிருந்தால் லயமே விழுந்து சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

ராஜம்மா தன் வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். "கட்டுனவ நான். அவுக்கிறதும் நாந்தான்."

"ஆத்தா கோவிச்சுக்குவாடி!" என்றார் வீரமுத்து.

"எம்புள்ள கெடக்கிறா மாமா. அவளும் பொம்பளதானே, தெரியாமயா போயிரும்?"

மஞ்சள் துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றப்போனவளை ஸ்டானிஸ்லாஸ் தடுத்தார். "கொதிக்க வச்சிட்டுக் கும்புடலாம் தாயி." பிறகு உள்ளேயிருந்த பழைய துணியைத் தானே உருவினார். வெள்ளையாக இருந்தது பாசி பிடித்துக் கொழகொழவென்று வந்தது. நாற்றம் வட்டத்தை ஓரடி பின்னால் தள்ளியது.

"அலமாக்!" என்று மலாயில் அதிர்ந்தது ஒரு குரல். கங்காணியின் பிரம்பு தாழ்ந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, கரண்டியில் எடுத்துப் புஷ்பவள்ளியிடம் கொண்டுபோனார். ராஜம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க குடிங்க."

குடித்தார். அடுத்த கரண்டிக்கும் அதையே சொன்னாள். கால் மணிக்கு ஒரு தரம் பிள்ளைக்கு ஒரு கரண்டி, அதற்கு முன் டிரசருக்கு ஒரு கரண்டி. கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு என்பதால் அவர் வாய் திறக்கவில்லை. கஞ்சிக்கு மட்டும் திறந்தார். பிள்ளை முதலில் வாந்தி எடுத்தாள். பிறகு எடுக்கவில்லை. லயத்திலிருந்து புதிதாக யாரையும் தூக்கி வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் வழக்கம்போல் முதல் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனபோது, பாயிலிருந்து ஒரு குச்சிக் கை நீண்டு அவர் சட்டையைப் பிடித்தது.

"அது எனக்கு," என்றாள் புஷ்பவள்ளி.

ஸ்டானிஸ்லாஸ் ராஜம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் கரண்டியைப் பிள்ளைப் பக்கம் திருப்பினார்.