கருகிய கியர் ஆயில்

செக்காலை ரோட்டு ஒர்க்‌ஷாப்பில், கியர் மாறும்போதெல்லாம் உதறிய காரின் ஆயிலை மெக்கானிக் கண்ணன் துணியில் தொட்டுக் காட்டினான். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தது. அருள்முருகன் அந்தத் துணியைப் பிடுங்கி மனைவி செந்தாமரையின் மூக்கில் அழுத்தினான்.

"மோந்து பாரு. நீ கார் ஓட்டுன லட்சணம்."

"அவுக மேல தப்பில்லண்ணே," என்றான் கண்ணன். "வாங்குனதுல இருந்து நீங்க ஆயிலே மாத்தாம விட்டிருக்கீக. அதான் கருகிப்போச்சு."

கண்ணன் பழையதை வடித்துப் புது ஆயில் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்; உதறல் நின்றிருந்தது. தானும் ஓட்டிப் பார்க்கச் செந்தாமரை சாவி கேட்டாள். அருள்முருகன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் அம்மாவுக்குப் போன் செய்தான்.

"ஆமாத்தா, இவதான் கருக்கிப்புட்டா. இனி வேலைக்குப் பஸ்ல போகட்டும்."

கண்ணன் மறுப்பான் என்று செந்தாமரை பார்த்தாள். அவன் அடுத்த வண்டியின் பானட்டைத் திறந்தான். அவள் தங்கள் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.