மேல் இறக்கை

"இன்னைக்கு விட்டா ஆகாது கண்ணு. வை" என்று உள்ளறையிலிருந்து அக்கா ராசாத்தாளின் குரல் வந்தபோது, மதன்குமார் அந்த இறக்கையைத் தாம்பாளம் ஏந்துவதுபோல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு சாப்பாட்டு மேசையின் முன் நின்றிருந்தான்.

இரண்டரை அடி நீள பிளாஸ்டிக் இறக்கை. பச்சையும் ஊதாவுமாக அவனே வண்ணம் அடித்தது. மேசைமேல் மாதிரி விமானத்தின் உடலும் கீழ் இறக்கையும் தயாராக இருந்தன. கீழ் இறக்கையிலிருந்து பதினாறு குச்சிகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். பதினாறின் முனைகளும் மேல் இறக்கையின் பதினாறு குழிகளில் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒன்றை உட்காரவைத்தால் இன்னொன்று எகிறும். நான்கு நாட்களாக இந்த வேலையை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தான். கேட்டால் பெயின்ட் காயவில்லை என்றான். பெயின்ட் காய்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்பது அக்காவுக்குத் தெரியாமலில்லை.

காலையில் அஃப்ஷீன் வந்திருந்தாள். வீட்டுக்கே வந்து கடைசிக்கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். உக்கடத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவாள். அக்காவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள், நகங்களைப் பார்த்தாள், நாடியைப் பிடித்துக்கொண்டு சற்று அதிக நேரமே உட்கார்ந்திருந்தாள். பிறகு சமையலறைக்கு வந்து மதன்குமாரிடம், "இன்னைக்கு நீங்க லீவு போட்டுக்கங்கண்ணா" என்றாள். கட்டிலில் இருந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவன் திரும்பி வந்ததும் இறக்கையை எடு என்றாள்.

ராசாத்தாளுக்கு அறுபத்திரண்டு வயது. சோமனூரில் இருபத்துநாலு தறி ஓட்டியவள். இருபத்தேழு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, நான்கு தறியோடு தொடங்கி, தன்னைவிடப் பதினேழு வயது சின்னவனான தம்பியையும் வளர்த்தாள். மார்கழியில் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் காட்டி விளக்கி முடித்ததும், இனி ஆஸ்பத்திரி வேண்டாமென்று அவளே முடிவு செய்து, இரண்டு பெட்டிகளோடு சரவணம்பட்டியில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த மூன்றாம் நாள், கம்பளி எடுக்கப் பரணில் ஏறிய அவன் மனைவி சண்முகப்பிரியா ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் கீழே இறக்கினாள். பெட்டியின் மேல் ஒரு பழைய ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தின் படம். நூறு வருடத்துக்கு முந்தைய ரகம், ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கைகள், நடுவில் கம்பிகள். பம்ப் கம்பெனியில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கும் மதன்குமார், பதின்மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி அனுப்பி ஜெர்மனி போனபோது வாங்கி வந்தது. ஒருநாளும் பிரித்ததில்லை.

அந்தப் படத்தை அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியா நகர்ந்த பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு நான் ஒடச்சதுக்கு எத்தன றெக்கை?"

இருபத்தேழு வருடமாக இருவருமே வாயால் தொடாத விஷயம் அது. பிளஸ் டூவில் அவன் கணக்கில் தோற்ற அன்று, ஆறு மாதமாக உட்கார்ந்து அவன் செய்து முடித்த விமானத்தை அக்கா, தறியில் ஊடை நூலை ஓட்டும் மர நாடாவால் அடித்து நொறுக்கினாள். இரண்டே அடி. பிறகு விளக்குமாறை அவன் கையில் கொடுத்தாள். அவன் கூட்டி அள்ளினான். டுடோரியலில் சேர்ந்தான், தேறினான், டிப்ளமோ முடித்தான், வேலைக்குப் போனான். பிளாஸ்டிக் பசையை மட்டும் கையால் தொடவே இல்லை.

"ரெண்டுங்கக்கா."

"இதுக்கு?"

"நாலுங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"பொறகென்ன. ஆரம்பி" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் கத்தி பிடிக்கவே கை கூசியது. இரண்டு பாகங்களை வீணாக்கினான். மூன்றாவது வாரம் விரல்களுக்குத் தானாகவே எல்லாம் நினைவு வந்தது. எஞ்சினுக்குள் சுண்டுவிரல் நகமளவு வால்வுகளைப் பொருத்தும்போது, கம்பெனியில் பதினெட்டு வருடம் அளவெடுத்த கையும் இதே கைதான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இறக்கைகளுக்கு நடுவே கம்பிபோலக் கட்ட நைலான் நூல் வாங்கி வந்த அன்று, அக்கா கையை நீட்டினாள். கீழ் இறக்கையை ஒரு தலையணைமேல் வைத்து மடியில் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்த ஊசித்துளைகள் ஒவ்வொன்றிலும் நூலைக் கோத்து முடிச்சிட்டாள். தொண்ணூற்றிரண்டு நூல்கள். ஒருநாளைக்கு இரண்டு, தெம்பு இருந்தால் மூன்று. வலி அதிகமான நாட்களில் ஒன்றுகூட இல்லை. மேல் இறக்கை ஏறிய பிறகு, அந்த நூல்களை அதன் துளைகள் வழியே மேலே வாங்கி இழுத்து ஒட்டினால் விமானம் முடிந்தது.

அவன் ஏன் தள்ளிப்போடுகிறான் என்று அக்கா கேட்கவில்லை. இன்று வை என்றுதான் சொன்னாள்.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார்கள். கதவை முழுக்கத் திறந்துவைத்தால் மேசை நேராகத் தெரிந்தது. கிளம்ப இருந்த அஃப்ஷீன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தானும் பிடிக்கிறேன் என்று புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். ஒரு முனையில் சண்முகப்பிரியா, மறுமுனையில் அஃப்ஷீன், நடுவில் மதன்குமார். குழிகளில் பசை தொட்டுவைத்தாயிற்று. அக்கா தறியில் பாவு நூல் சுற்றிய கனத்த உருளையை ஏற்றும்போது ஆட்களை ஏவுகிற அதே தோரணையில் ஏவினாள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போ. அமுக்காதே. பக்கத்து ஆளைப் பார்க்காதே, உன் முனையைப் பார். குரல் கம்மியிருந்தாலும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

நடு நான்கும் உட்கார்ந்தன. அடுத்த நான்கு. இடது ஓரத்தில் ஒரு குச்சி சரிந்தது. சண்முகப்பிரியா மூச்சை அடக்கிக்கொண்டு அதைச் சாமணத்தால் நிமிர்த்தினாள். கடைசிக் குச்சி உள்ளே போன சத்தம் மூவருக்குமே கேட்டது. கையை எடுத்தார்கள். நின்றது.

மதன்குமார் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"எடது கைப் பக்கம் றெக்கை ஒரு நூலளவு ஏறியிருக்குது."

பதினைந்தடி தூரத்திலிருந்து சொல்கிறாள். அவன் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தான். அரை மில்லிமீட்டர் ஏறித்தான் இருந்தது. பசை இறுகுவதற்குள் விரல் நுனியால் அமுக்கிச் சரிசெய்தான். மறுபடி அளந்தான். இரண்டு பக்கமும் ஒன்று.

"இப்பங்க?"

"ம். பொழுதெறங்கற வரைக்கும் ஆரும் மேசையத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அஃப்ஷீன் நாக்குக்கு அடியில் மருந்துச் சொட்டு விட்டு, மத்தியானம் திரும்ப வருகிறேன் என்று போனாள். மதன்குமார் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். அக்காவின் மூச்சு நிதானமாகத்தான் இருந்தது. பத்து மணிக்குமேல் இடைவெளி விழத் தொடங்கியது. ஒரு மூச்சு, பிறகு ஒன்றுமில்லாமல் சற்று நேரம், பிறகு இன்னொன்று. கருவியின் முள் அசைவு நின்று ஓரிடத்தில் நிலைக்கும்வரை கண்ணெடுக்காமல் காத்திருப்பது அவன் தொழில். அப்படித்தான் காத்திருந்தான். பதினொன்று பத்துக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக அவன் காத்திருந்தான். சமையலறையில் குக்கர் இறங்கியது. தெருவில் ஒரு வேன் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டு நின்றது. அவன் இன்னும் காத்திருந்தான். பிறகு எழுந்துபோய் சண்முகப்பிரியாவின் தோளைத் தொட்டான்.

*

ஒரு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. தாராபுரத்திலிருந்து பெரியப்பா மகன் தம்பிதுரை காரில் வந்து இறங்கினார். எந்த எழவு வீட்டிலும் காரியத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறவர். பந்தல்காரருக்கும் பூக்காரருக்கும் வழியிலேயே போன் போட்டுவிட்டிருந்தார். எரிவாயு மயானத்தில் நாலரை மணிக்கு நேரம் வாங்கியாயிற்று. குளிர்பெட்டியோடு இரண்டு ஆட்கள் வாசலில் நிற்க, தம்பிதுரை ஹாலுக்குள் வந்து மேசையைப் பார்த்தார்.

"இதை அக்கட்டால எடுங்கப்பா. பெட்டி நடு ஊட்ல வரோணும்."

"எடுக்க முடியாதுங்கண்ணா" என்றான் மதன்குமார். "பசை காயலீங்க. பொழுதெறங்கோணும்."

தம்பிதுரை அவன் முகத்தையும் விமானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏம்ப்பா, பெத்தவளாட்டம் வளத்துனவ செத்துக் கெடக்கறா. பொம்மை பெருசாப் போச்சா உனக்கு?"

"அக்கா சொன்னதுங்க. ஆரும் மேசையத் தொடக்கூடாதுன்னு. அதுக்குப் பொறகு அவங்க ஒண்ணும் பேசலீங்க."

அவன் குரல் உயரவில்லை. இறங்கவுமில்லை. சண்முகப்பிரியா வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தம்பிதுரை குளிர்பெட்டி ஆட்களிடம் போர்டிகோவைக் காட்டினார். அங்கே காற்றோட்டமாகவும் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் மதன்குமார் எதிர்பாராதது. மாலையோடு உள்ளே வந்த ஒரு கூட்டம் மேசைமேல் கை ஊன்றப் போனபோது, தம்பிதுரை ஓடிவந்து தடுத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளை மேசையைச் சுற்றி வேலிபோல் அடுக்கினார். மின்விசிறியின் காற்று நூல்களை ஆட்டுகிறது என்று அதை நிறுத்தவைத்தார். ஏப்ரல் வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நாலு மணி வரை அங்கேயே நின்றார். வந்தவர்கள் என்ன இது என்று கேட்டதற்கெல்லாம், "எந்தங்கச்சி கட்டுன ஏரோப்பிளான்" என்றார்.

மயானத்தில் எல்லாம் வேகமாக முடிந்தது. உலைக் கதவு இறங்கியது. வெளியே வேப்பமரத்தடியில் காளிச்சாமி தனியாக நின்றிருந்தார். அக்காவின் தறிகள் ஓடும் குடோனில் முப்பது வருடமாக மேஸ்திரி. வேனில் ஒன்பது பேரைக் கூட்டிவந்திருந்தார். மதன்குமார் பக்கத்தில் போனதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குத் தறி ஓட்டுவதா நிறுத்துவதா என்று கேட்டார். அக்கா இருந்தால் என்ன சொல்லுவாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஓட்டுங்க" என்றான் மதன்குமார்.

குளித்து, ஈரத் தலையோடு ஹாலுக்கு வந்தபோது ஆறு மணி ஆகவிருந்தது. உறவுக்காரர்கள் பெரும்பாலும் கிளம்பியிருந்தார்கள். நாற்காலி வேலிக்கு வெளியே காளிச்சாமியும் குடோன் பெண்கள் நான்கு பேரும் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீழ் இறக்கையின் முடிச்சு ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தார்.

"இது அக்கா போட்டதுங்களா?"

"எல்லாமே அவங்க போட்டதுதானுங்க."

காளிச்சாமி தலையாட்டினார். "அக்கா ஒடச்ச அன்னைக்கு நானும் குடோன்லதான் இருந்தனுங்க" என்றார். மதன்குமார் அவரைப் பார்த்தான். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இந்த நூலெல்லாம் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

மதன்குமார் நாற்காலிகளை விலக்கினான். மேல் இறக்கையை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தான். கல்லாட்டம் நின்றது. நூலை எந்தத் துளையில் வாங்க வேண்டும் என்று ஒருமுறைதான் காட்டினான். காளிச்சாமி முதல் நூலைக் கோத்து மேலே இழுத்தார். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாவில் அறுந்த இழையைப் பகலெல்லாம் பிணைக்கிற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் குனிந்து, அடுத்தடுத்த நூல்களை எடுத்துக் கொடுத்தார்கள். மதன்குமார் ஊசிமுனையால் பசை வைத்தான். தம்பிதுரை சோபாவில் உட்கார்ந்து, வாங்கிய காபியைக் குடிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் இரண்டாம் தடவை ஹாரன் அடித்தபோது பதினெட்டு நூல்கள் ஏறியிருந்தன. மீதியைத் தானே செய்துகொள்வதாக மதன்குமார் சொன்னான். "செஞ்சுபோடுவீங்க" என்றார் காளிச்சாமி.

*

மறுநாள் காலை மயானத்தில் மண்கலயத்தில் சாம்பலை வாங்கிக்கொண்டு, மதன்குமார் தனியாகவே பேரூருக்கு வண்டியை ஓட்டினான். படித்துறையில் அவ்வளவு கூட்டமில்லை. நொய்யலில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். ஐயர் சொன்னதைச் சொல்லி, கலயத்தைக் கவிழ்த்து, சாம்பல் கரைந்து போகிற வரை நின்றான். பிறகு கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து கை கழுவினான்.

வலது கை ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் நேற்றைய பசை மெல்லிய தோல்போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீரில் தேய்த்தான். சாம்பல் போனது, பசை போகவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பியபோது சிறு துண்டு உரிந்து வந்தது. அதற்குமேல் அவன் கிளப்பவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, படியேறி, கார்ச் சாவியை எடுத்தான்.