அந்த மாதிரி ஒரு பேர்

திரையில் அந்தப் பெயர் வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் அஃப்ரா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. லோகப்பிரியாவுக்கு அதுதான் பிடிபடவில்லை.

உளவாளிப் படம். கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வெடிகுண்டு தயாராகிறது. டெல்லியிலிருந்து வரும் நாயகன் கண்டுபிடித்துத் தடுக்கிறான். கோவை என்று காட்டிய தெருவில் ஒரு பேக்கரிகூட இல்லை. ஆனால் ஆய்வகம் நிஜம்; இருவரும் படித்த கல்லூரி. வேதியியல் முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த லோகப்பிரியாதான் படக்குழுவுக்கு இரண்டு நாள் குடுவையும் பிப்பெட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். நாயகன் மாடியிலிருந்து குதித்தபோது அஃப்ரா விசிலடித்தாள். அப்புறம் குண்டு செய்கிறவனின் அடையாள அட்டை திரை முழுக்க வந்தது: ரசாக். அஃப்ராவின் அப்பா பெயர். நாயகன் அவனைச் சுட்டான். தியேட்டரே கைதட்டியது. அஃப்ராவும் தட்டினாள். பிறகு பாப்கார்னை நீட்டி, "உப்பே இல்லடி" என்றாள்.

கோபமா, இல்லையா? கேட்கலாம். கேட்டால் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அஃப்ரா தோழியாக இருப்பாளா?

ஞாயிறு காலை அவளே போன் செய்தாள். "அத்தா உன்னப் பாக்கணுமாம். பேக்கரிக்கு வா."

ரசாக்கின் கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு எதிரிலேயே பேக்கரி. அவர் டீயை லோகப்பிரியா பக்கம் நகர்த்தினார்.

"ஏங்கண்ணு, நான் இப்பப் பெரிய ஆளாயிட்டேன் தெரியுமா? காலையில இருந்து மூணு பேரு வந்துட்டாங்க. 'ஏனுங் பாய், கிரைண்டர்ல மாவுதான் ஆட்டறீங்களா?'ங்கறாங்க."

அஃப்ரா சிரித்தாள். அவரும் சிரித்தார். லோகப்பிரியாவும் சிரித்து வைத்தாள், எதற்கென்று தெரியவில்லை.

"என்னையச் சுட்டப்போ எல்லாரும் கைதட்டுனாங்களா?"

"தட்டுனாங்க மாமா."

"நானுந்தான் தட்டுனேன்" என்றாள் அஃப்ரா, பஃப்ஸைப் பிய்த்தபடி. "பக்கத்து சீட்டுக்காரன் என்னையே பாத்தான். தட்டிப்போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ரசாக் டம்ளரை மேசையில் வைத்தார். "ஷூட்டிங் அப்போ நீ அங்க இருந்தியே அம்மணி. இந்தப் பேர எவன் வெச்சான்னு தெரியுமா? சண்டைக்கில்ல. அவனுக்கு ஒரு ரசாக்கையாச்சும் பழக்கம் இருக்குதான்னு மட்டும் கேக்கோணும்."

"இருக்குதுங்க மாமா."

அஃப்ராவின் கை பஃப்ஸிலேயே நின்றது.

"அட்டையில எழுதறதுக்கு, 'அந்த மாதிரி ஒரு பேர் சொல்லுங்க'ன்னு கேட்டாங்க" என்றாள் லோகப்பிரியா. "எந்த மாதிரின்னு நான் கேக்கவே இல்ல. எனக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு இன்னும் தெரியல. மொதல்ல உங்க பேருதான் வாயில வந்துச்சு. நான்தான் சொன்னேன் மாமா."