சகலை கொண்டுவந்த வாட்ச்

வானமாமலையிடம் முப்பத்திரண்டு பழைய வாட்சுகள் இருந்தன. முப்பத்து மூன்றாவதாக அவர் தேடிக்கொண்டிருந்தது காளிராஜின் சட்டைப்பையில் இருந்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காளிராஜ் அந்நியன் இல்லை, சகலை. அக்கா மீனாட்சியை வானமாமலையும் தங்கையைக் காளிராஜும் கட்டியிருந்தார்கள். வானமாமலைக்குத் தாராவியில் பெல்ட், பக்கிள் மொத்த வியாபாரம், மாட்டுங்காவில் வீடு. காளிராஜ் ஐரோலியில் ஏசி மெக்கானிக். வானமாமலை நாற்பது வருஷம் ஓடி ஓடிச் சேர்த்ததெல்லாம் அவனுக்கு உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. அரசாங்க வீட்டுக் குலுக்கலில் முதல் தடவை பெயர் கொடுத்தான், வீடு விழுந்தது. ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை இல்லை, தலையில் ஒரு முடி கொட்டவில்லை. போகட்டும் என்று இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்தான். வாட்சை எப்படிப் பொறுப்பார்?

அறுபதுகளில் வந்த சுவிஸ் வாட்ச் அது, கரும்பச்சை டயல். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். தெரிந்தால் நாளைக்கே நாலு பேர் தேடக் கிளம்பிவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் சோர் பஜாரில் அதற்காக நாயாய் அலைந்திருக்கிறார். கண்ணில் பட்டதெல்லாம் பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்தவைதான்; சேர்க்கிறவனுக்கு அது செத்த வாட்ச். காளிராஜோ உல்லாஸ்நகரில் ஒரு சிந்தி சேட் வீட்டுக்கு ஏசி மாட்டப் போனான். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த சேட், நீயே வைத்துக்கொள் என்று கையில் கொடுத்துவிட்டார். சும்மா!

"அண்ணாச்சி, இது ஒரிஜினலா நக்லியான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மேசைமேல் வைத்தான்.

அவன் சொன்னது முகஸ்துதி இல்லை. பம்பாயில் பழைய வாட்ச் சேர்க்கிற பாதிப் பேர் வானமாமலையிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். கடையில் பக்கிளுக்கு ஆயிரம் பொய் சொல்லியிருப்பார். வாட்சுக்கு ஒன்றுகூடச் சொன்னதில்லை.

கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தார். எழுத்துகள் மயிரிழையாக, விளிம்பு கலையாமல் இருந்தன. ரேடியப் பொட்டுகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன, முள்ளிலும் அதே மஞ்சள். எட்டு மணிக்குப் பக்கத்தில் தேத்தண்ணி நிறத்தில், வயதால் வந்த ஒரு சின்னக் கறை. பக்கவாட்டில் இருந்த சாவி தேய்ந்திருந்தாலும் அதில் கம்பெனி முத்திரை தெரிந்தது. பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு திருகைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

ஒரிஜினல். ஏக்தம் ஒரிஜினல். இவனுக்கா? ரிமோட் பேட்டரிக்கும் வாட்ச் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாத இந்தப் பயலுக்கா?

"நக்லிடே" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "உள்ள மிஷின் மட்டும் பரவால்ல. டயல் பூரா போலி."

"அய்யய்யோ! எப்படிச் சொல்லுதிய?"

எப்படிச் சொல்வது? குறை ஒன்றும் இல்லையே. இருந்த நிறைகளையே குறைகளாக்கி வரிசையாக அடுக்கினார். "இந்தக் கறையப் பாரு, ஒரிஜினல்ல கறை புடிக்குமா? பொட்டெல்லாம் வெள்ளையா இருக்கணும், இது மஞ்சளால்லா கெடக்கு. பச்சையும் மங்கலா இருக்கு. சாவி தேஞ்ச தேய்ப்பப் பாரு. கட்டிட்டு வெளிய போனா நாலு பேரு சிரிப்பான். இங்கயே விட்டுட்டுப் போ, பார்ட்ஸுக்காவது ஆகும்."

காளிராஜ் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். வாட்சை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இருக்கட்டும் அண்ணாச்சி. பொறவு கொண்டாந்து தாரேன்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் வானமாமலை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வேறு யாரிடமாவது காட்டிவிடுவானோ? விஷயம் தெரிந்தவன் எவனாவது அமுக்கிவிடுவானோ? கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசிக்கு ரிப்பேர் என்று இரண்டு தடவை அவனை வரவழைத்தார். வந்தவன் ஃபில்டரைத் துடைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனானே தவிர, வாட்சைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. போலி என்று சொன்னதற்கு எந்த முகத்தோடு இத்தனை ஆசைப்படுவது?

நான்காவது ஞாயிறு அவருக்கு அறுபதாம் கல்யாணம். செம்பூரில் ஹால் எடுத்திருந்தார்கள். கும்பத்துத் தண்ணீர் ஊற்றி, மீனாட்சிக்கு மறுபடி தாலி கட்டி முடிந்ததும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். காளிராஜ் பெண்டாட்டியோடு வந்து விழுந்து கும்பிட்டு, சிவப்பு வெல்வெட் டப்பா ஒன்றைக் கையில் வைத்தான்.

"தொறந்து பாருங்க அண்ணாச்சி."

திறந்தார். கிளிப்பச்சையில் ஒரு டயல் பல்லிளித்தது. சுண்ணாம்பு வெள்ளையில் பன்னிரண்டு பொட்டு. தடித்தடியாக எழுத்து. புதுச் சாவி. சுற்றிலும் தங்க முலாம்.

"உங்களுக்குத்தான் குடுக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன்" என்றான் காளிராஜ். அவன் முகம் மலர்ந்து கிடந்தது. "ஆனா நல்ல காரியத்துக்கு அழுக்குப் புடிச்ச பழசையா நீட்டுவாக? நீங்க சொன்ன குறை ஒன்னையும் விடல. பழைய பெயிண்ட்ட ஒட்டச் சுரண்டச் சொல்லிட்டேன். பொட்டு, கறை, சாவி எல்லாம் சரி பண்ணியாச்சு."

"ஏயப்பா, என்னமா மின்னுது!" என்றாள் மீனாட்சி. அவளே எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

வானமாமலை மணிக்கட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அறுபது வருஷம் யார் கையும் படாமல் இருந்த டயல். இப்போது அதில் ஒரு துளியும் மிச்சமில்லை.

"ஒரிஜினல்டே அது" என்றார். "காளி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அது அசல் ஒரிஜினல்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காளிராஜுக்கோ கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டி பக்கம் திரும்பி, "கேட்டியாட்டி? போலின்னு தெரிஞ்சும் என் மனசு நோவக்கூடாதுன்னு எப்படிச் சொல்லுதாக பாரு" என்றான்.

"இல்லடே, நெசமாத்தான்..."

"போதும் அண்ணாச்சி, எனக்குத் தெரியாதா உங்கள" என்று அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பந்திக்குப் போனான். இலையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினான். வானமாமலை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன போனது என்றே தெரியாமல் அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கவும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.