வளையத்தைத் தொடாமல்

என் வீட்டுக்காரர் பிளம்பர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குழாயைத்தான் பார்ப்பார். வேலை முடிந்ததும் ஜாயின்ட்டுக்குக் கீழே ஒரு காகிதத்தை விரித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் குத்துக்காலிட்டுக் காத்திருப்பார். காகிதம் நனையாவிட்டால்தான் பையைத் தூக்குவார்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். இரண்டு நாள்கூட ஆகவில்லை, குடித்த பாலெல்லாம் பச்சை நிறத்தில் வாந்தியாக வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கருவிலேயே கணையம் வளையமாக வளர்ந்து, சிறுகுடலின் தொடக்கத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கிறதாம். பால் கீழே இறங்க வழியில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. இவருக்கோ படத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா? அந்த வளையத்தை வெட்டி விட்டுடுங்க டாக்டர்," என்றார், ஏதோ குழாயை இறுக்கிய கிளாம்பைக் கழற்றச் சொல்வது போல.

மேசைக்கு அடியில் அவர் காலை நன்றாக மிதித்தேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"அது உயிருள்ள கணையம்ங்க. வெட்டினா அதோட நீர் கசிஞ்சு வயித்தையே புண்ணாக்கிடும். வளையத்தைத் தொடாம, அடைப்புக்கு மேல இருக்கிற குடலையும் கீழ இருக்கிற குடலையும் சேர்த்துத் தைச்சு, புது வழி விடுவோம்."

இவர் அந்தப் படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன மாதம்தான் ஒரு மாடி வீட்டில், தூணுக்குள் மாட்டிக்கொண்ட குழாயை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டில் புதுக்குழாய் போட்டிருந்தார். அதை நான் நினைவுபடுத்தியபோது, தன் வேலையும் இதுவும் ஒன்றாகுமா என்று முணுமுணுத்தார். தொழில் விஷயத்தில் இந்த மனிதர் அடங்கிப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏழாம் நாள் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அது உள்ளே தங்கினால்தான் எங்களுக்கு உயிர் வரும். நர்ஸ் சிரிஞ்சில் துளித்துளியாக ஊட்டி முடித்ததும், இவர் பாப்பாவின் தாடைக்குக் கீழே ஒரு டிஷ்யூ காகிதத்தை விரித்தார். கட்டிலருகே முட்டி போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பாப்பா தூங்கிவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். காகிதத்தின் ஓரத்தில் ஈரம். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க, நனைஞ்சிருக்கே."

இவர் மூக்கை உறிஞ்சினார்.

"அது பாப்பா இல்ல. நான்தான்."

அந்தக் காகிதத்தை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை விரித்து, மறுபடியும் முதலிலிருந்து பத்து நிமிடம் பார்த்தார்.