அடியில் கீறிய தேதி

இளையவளின் இடது காலில் வேன் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓட்டியவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. இருவருக்கும் வேலை ஒரே மரப்பட்டறையில். இளையவள் லேத்தில் கட்டில் கால்களும் மாடிப்படிக் கைப்பிடித் தூண்களும் கடைவாள். மூத்தவள் அவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீடுகளில் இறக்குவாள். குடியிருப்பதும் ஒரே வீடுதான்: கீழே மூத்தவள், மேலே இளையவள். பகலில் பட்டறையில் முறைத்துக்கொண்டு, மாலையில் படிக்கட்டில் முறைத்துக்கொண்டு பதினோரு வருடம் ஓட்டிவிட்டார்கள்.

அன்று காலையிலும் சண்டைதான். முந்தின நாள் இறக்கிய கட்டில் ஒன்று ஆடுகிறது என்று மூத்தவள் எல்லோர் காதிலும் விழும்படி முதலாளியிடம் சொன்னாள்.

"கால் ஒண்ணு குட்டை. படுத்தா தொட்டில்ல ஆட்டற மாதிரி இருக்குதாம்."

இளையவளுக்குச் சுருக்கென்றது. "என் கால்ல ஒரு குறையும் இல்ல. அவங்க தரை கோணலா இருக்கும்," என்றாள். பட்டறையே சிரித்தது. அடுத்த அரை மணி நேரத்தில் அவள் கால் குறைபட்டுப்போயிற்று.

பாதத்தில் மூன்று எலும்பு, கணுக்காலில் ஒன்று. தகடு வைத்துத் தைத்து, முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டார்கள். பத்து வாரத்துக்கு அந்தக் கால் தரையில் படக்கூடாது என்றார் மருத்துவர். மாடி ஏற முடியாது. அவள் புருஷன் வெளியூர்களில் ஜன்னல் பொருத்தப் போகிறவன். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு, கீழ்வீட்டு முன்னறையில் மூத்தவளின் சோபாவை நகர்த்திவிட்டு இளையவளுக்குக் கட்டில் போட்டார்கள். காலை உடைத்தவள் வீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு படுக்க வேண்டியதாயிற்று.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் மூஞ்சிதான்," என்றாள் இளையவள் முதல் நாளே.

"அப்ப கண்ணை மூடிக்க," என்று தட்டை முக்காலியில் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள் மூத்தவள்.

விசாரிக்க வந்தவர்களிடம் மூத்தவள் ஒரே பாட்டைப் பாடினாள். "போன் பேசிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி நின்னா. எனக்கு என்ன முதுகிலயா கண்ணு இருக்கு?" இளையவள் போன் பேசவில்லை. போன் பைக்குள், பை பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. கால் போனதைவிட அந்தப் பொய்தான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. 'தெரியாம நடந்துடுச்சு' என்று ஒரு வார்த்தை. அதுகூட மூத்தவள் வாயிலிருந்து வரவில்லை.

இரண்டாம் வாரம் இளையவள் தன் புருஷனிடம், மொட்டைமாடி அறையில் தூசி படிந்து கிடந்த மேசை லேத்தைக் கீழே கொண்டுவரச் சொன்னாள். சும்மா படுத்துக் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். அவன் வாயில்லாப் பூச்சி. அண்ணனைக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார்கள்.

"இது வீடா, பட்டறையா?" மூத்தவள் கத்தினாள்.

"பட்டறைக்குப் போற காலை நீ உடைச்சிட்ட. அதான் பட்டறை வீட்டுக்கு வந்திருக்கு."

மூத்தவளின் கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் கருத்துச் சொல்லும் முறை அது.

கட்டைக்குப் பஞ்சம் இல்லை. பட்டறையில் அறுத்து மிஞ்சும் துண்டுகளை முதலாளி சாக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினார். கொண்டுவரும் வேலை வேனோட்டியின் தலையில் விழுந்தது. வாரம் ஒரு சாக்கு வாசலில் தொப்பென்று விழும். உள்ளங்கை அளவுத் தேக்குத் துண்டு, விரல் நீளச் சிவப்பு மரம், வெளிர் மஞ்சளாக ஒன்று, ஒரு பக்கம் கறுத்துப்போன மூலைத்துண்டு. கட்டில் காலுக்கு ஆகாது, கடைவதற்கு ஆகும்.

ஆனால் உட்கார்ந்து கடைவது வேறு வித்தையாக இருந்தது. இருபது வருடமாக நின்று பழகியவள் அவள். உளியின் பிடியை இடுப்பில் அணைத்து உடம்பைச் சாய்த்தால் உளி தானாக நகரும். இப்போது கட்டுப்போட்ட கால் ஒரு முக்காலியில், தலையணைமேல் கிடக்க, முழங்கையை விலாவில் இறுக்கிக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் நகர்த்த வேண்டும். மூன்றாம் நாள் உளி மரத்தைக் கடித்து, சுழன்ற துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து, மூத்தவளின் அலமாரியில் ஒரு கண்ணாடிக் கோப்பையைச் சில்லாக்கியது.

"வேணும்னே பண்ணின!"

"தெரியாம நடந்துடுச்சு," என்றாள் இளையவள், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி. "பாத்தியா, சொல்றதுக்கு எவ்வளவு சுலபமா இருக்கு?"

மூத்தவள் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். மரச்சுருளையும் அவள்தான் கூட்டினாள். அறைக்குள் தூசி, சாப்பாட்டில் தூசி, தலையணையில் தூசி. கூட்டும்போது துடைப்பம் வேண்டுமென்றே முக்காலியில் இடிக்கும். இடிக்கும்போது இளையவள் வேண்டுமென்றே வாயைத் திறக்கமாட்டாள்.

நான்காம் வாரத்தில் கை பிடிபட்டது. கறுப்பும் மஞ்சளுமாகத் துண்டுகளை ஒட்டிக் காயவைத்துக் கடைந்தாள். கட்டைவிரல் உயரச் சிமிழ்; மூடியைத் திறந்தால் 'பொப்' என்று சின்னதாய் ஒரு சத்தம் வரும். காய்ந்த பூ வைக்க ஒல்லிக் கழுத்துச் சாடி. மோதிரம் மாட்டிவைக்க ஒரு குட்டிக் கோபுரம். லேத் சுழலும்போதே உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தொட்டுத் துணியால் அழுத்தினால், குப்பைக்குப் போகவேண்டிய கட்டை நகைக்கடை ஜன்னலில் வைக்கலாம் போலப் பளபளத்தது. கட்டில் காலில் ஒருநாளும் இப்படி ஒரு மெருகு அவள் ஏற்றியதில்லை. யார் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறார்கள்?

முதல் சிமிழை அடுத்த தெருத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தாள். விசாரிக்க வந்த மனுஷிக்குச் சும்மா ஒரு அன்பளிப்பு. தையல்காரம்மா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, "இதைச் செஞ்சு கொடுக்கற கைக்கா இப்படி ஒரு கஷ்டம்?" என்று உச்சுக்கொட்டினாள். "என்னதான்டி நடந்தது?"

இளையவள் சொன்னாள். போன் ஆணியில் தொங்கியது முதல், கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தது வரை. அடுக்களையிலிருந்த மூத்தவளுக்குக் குழாய்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தையல்காரம்மா சிமிழையும் கதையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே இளையவளுக்கு அந்த யோசனை வந்தது. இரண்டாவது சிமிழின் அடியில் உளி முனையால் தேதியைக் கீறினாள். வேன் ஏறிய தேதி; நாள், மாதம், வருடம். தையல்காரம்மாவுக்குச் சொல்லியனுப்பி முதல் சிமிழையும் வாங்கி, அதிலும் கீறிக் கொடுத்தாள்.

அதன்பிறகு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஊசி போட வந்த நர்ஸ், மருந்துக்கடைக்காரர், பட்டறையில் மெருகு பூசும் பெண்கள் இரண்டு பேர், எதிர்வீட்டு டீச்சர். ஆளுக்கொரு சாமான், ஆளுக்கொரு தரம் கதை. "அடியில என்ன நம்பர்?" என்று அவர்களே கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? இப்படி ஏழாம் வாரத்துக்குள் பதினான்கு சாமான் பதினான்கு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டன. மூத்தவள் சாக்குச் சாக்காகக் கட்டை கொண்டுவந்து போட்டபடி இருந்தாள்.

அவளுக்குத் தெரியவந்தது தையல் கடையில். திரைச்சீலை வாங்கப் போனவள், மேசையில் ஊசி போட்டுவைத்திருந்த சிமிழை எடுத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. கவிழ்த்தாள். தேதியைப் பார்த்ததும் முகம் ஜிவ்வென்று சூடேறியது.

"என்னது இது?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "உனக்குத் தெரியாதா? எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கே. ஆமா, கண்ணாடியே பாக்காமலா வண்டியை எடுத்த?"

மூத்தவள் திரைச்சீலையை வாங்காமல் வெளியே வந்தாள். மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாடி. டீச்சர் வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு கோபுரம். போன வாரம் கட்டில் இறக்கப் போனபோது அந்த டீச்சர் ஏன் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை என்பது இப்போது புரிந்தது. மறுநாள் முழுக்க, வேனில் பட்டறைச் சாமானை வைத்துக்கொண்டே அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "இன்னொரு கோட்டு மெழுகு போடணுமாம், இல்லன்னா மரம் விரிஞ்சிடுமாம். அவதான் வாங்கிட்டு வரச் சொன்னா," என்று ஒரு பொய். கொடுத்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள்.

மாலையில் பையைக் கொண்டுவந்து இளையவளின் படுக்கையில் கவிழ்த்தாள். பதினான்கும் கலகலவென்று உருண்டன.

"எதுக்குடி இந்தத் தேதி?"

"மறந்துடக் கூடாதுல்ல."

"கட்டையைத் தூக்கிட்டு வந்தது நான். குப்பையை அள்ளினது நான். என் விரலை எடுத்தே என் கண்ணைக் குத்திட்டியே!"

"நான் ஒண்ணும் இட்டுக்கட்டல. நீ கண்ணாடி பாக்கலைன்னு சொன்னேன். அது பொய்யா?"

"பொய்தான்!" என்றாள் மூத்தவள். சொன்ன வேகத்தில் அவளே ஒரு கணம் திகைத்து நின்றாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லேத் மேசையிலிருந்து ஒரு உப்புத்தாளை எடுத்து, முதல் சிமிழின் அடியைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாத்திரம் துலக்குகிற மாதிரி ஆத்திரமாகத் தேய்த்தாள்.

"அது முரட்டுத் தாள். கீறல் விழும். மெல்லிசா இருக்குல்ல, அதை எடு."

"நீ வாயை மூடு." ஆனால் மெல்லிய தாளைத்தான் எடுத்தாள்.

"அழுத்தாதே. அடி மெலிசு, ஓட்டை விழுந்துடும்."

மூன்று சிமிழ் முடிந்தது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் மூத்தவள் பேசினாள்.

"பாத்தேன். கண்ணாடியில உன்னை நல்லாப் பாத்தேன். போனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. முதுகைக் காட்டிக்கிட்டுக் கட்டையை அடுக்கிட்டிருந்த. எல்லாரையும் என்னைப் பாத்துச் சிரிக்க வச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தி ஒரு துள்ளு துள்ள வைக்கலாம்னு நெனச்சேன். பிரேக்கை மிதிக்கறதுக்கு அரை நொடி லேட்டாயிடுச்சு." அவள் தாளைப் புதுப்பக்கமாக மடித்தாள். "காலை உடைக்கணும்னு நினைக்கல. நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

ஏழு வாரமாக இளையவள் கேட்க விரும்பியது இதைத்தான். கிடைத்தால் எப்படிச் சீறுவது, என்னென்ன சொல்வது என்று லேத் சத்தத்துக்குள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தாள். இப்போது ஒத்திகை பார்த்த எதுவும் பயன்படவில்லை. காரணம், அவளும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தாள். வண்டி பின்னால் வரும்போது எழும் 'பீப் பீப்' சத்தம் அன்றைக்கு அவள் காதில் தெளிவாக விழுந்தது. ஓட்டுவது யார் என்றும் தெரியும். 'அவளே நிறுத்தட்டும்' என்று நின்றவள் அவள். பதினான்கு வீட்டில் சொன்ன கதையில் அந்தச் சத்தம் மட்டும் இல்லை.

"மிச்சத்தைக் கொடு, நான் தேய்க்கறேன்," என்றாள்.

"வேணாம். நீ தேய்ச்சா இன்னொண்ணு எழுதுவ."

பதினான்கையும் மூத்தவளே தேய்த்து முடித்தாள். ஒன்றில் நிஜமாகவே ஓட்டை விழுந்தது. மீதியை அடுத்த இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தாள். தையல்காரம்மாவிடம் மட்டும் ஐந்து நிமிடம் நின்றாள். அங்கே என்ன பேசினாள் என்று வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்தனுப்பியபோது, "அவங்களே ஒத்துக்கிட்டாங்களாமே" என்று சேர்த்துச் சொல்லியனுப்பியிருந்தார்.

அதற்காக இருவரும் கூடிக் குலாவவில்லை. தட்டு அதே டங்கென்றுதான் விழுந்தது. துடைப்பம் முக்காலியில் இடித்தது. இளையவள் தொடர்ந்து கடைந்தாள். அடியில் எதுவும் எழுதவில்லை. யாருக்கும் கொடுக்கவும் மனமில்லாமல் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினாள்.

ஒன்பதாம் வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஊன்றக் கூடாது, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றார் மருத்துவர். இளையவள் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, படிக்கட்டில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே மேலே நகரத் தொடங்கினாள். மூன்றாம் படியில் இருக்கும்போது மூத்தவள் வந்தாள்.

"விழுந்தா அதையும் என் தலையில கட்டுவியா?"

"விழமாட்டேன்."

மூத்தவள் கைகொடுக்கவில்லை. இரண்டு படி கீழே, இளையவளின் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவளுக்கு எதிரே முகம் பார்த்தபடி ஏறினாள். இளையவளின் பாதம் ஒல்லியாக, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல அந்தரத்தில் நின்றது. எட்டாம் படியில் மூச்சு வாங்கியது. நிறுத்தினாள்.

"எனக்கு வண்டிச் சத்தம் கேட்டுச்சு," என்றாள். "நீதான்னும் தெரியும்."

மூத்தவள் அவளையே பார்த்தாள். "அப்புறம் ஏன்டி நகரல?"

"நான் ஏன் நகரணும்?"

மூத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபமா, சிரிப்பா என்று அவள் தோளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பிசாசுடி நீ."

"நீ மட்டும் என்ன?"

"அந்தப் பதினாலு வீட்லயும் இதை யார் போய்ச் சொல்றது?"

"கால் ஊனினதும் நான் போறேன்."

"போவியா?"

"போவேன்னு சொல்றேன்ல."

மூத்தவள் எழுந்து சேலையின் தூசியைத் தட்டினாள். "சரி, ஏறு. இன்னும் ஆறு படி இருக்கு. மூணு மணிக்கு எனக்கு லோடு இருக்கு, உன்னோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்க முடியாது."

இளையவள் கைகளை மேற்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கினாள்.